பழைய பாணி கேம்கள்: வாங்குமுன், ஓட்டுமுன், திட்டுமுன்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிக்சல் கேம் (சின்னச் சின்னக் கட்டங்களால் வரைந்த கேம்) விஷயத்தில் பாதி நேரம் கூடம் உண்மையிலேயே கோணல்தான். திரை அளவு பொருந்தாமல் படம் நெளியும்; கீபோர்டு மூன்றாவது பட்டனை விழுங்கிவிடும்; தாவச் சொன்ன பொம்மை ஒரு கணம் யோசித்துவிட்டுத் தாவும். இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு அரை மணி நேரம் ஆடிப் பார்த்து, "அந்தக் காலத்து கேமே இப்படித்தான், சும்மா கஷ்டப்படுத்தும்" என்று தீர்ப்பெழுதி மூடுகிறவர்கள் ஏராளம். முதலில் கூடத்தை நேராக்குவோம். அதற்குப் பிறகும் கேம் மோசமாக இருந்தால் தாராளமாகத் திட்டலாம், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

இங்கே நான் பேசுவது பழைய கன்சோல் கேம்களை எமுலேட்டரில் (பழைய பெட்டி போல நடிக்கும் மென்பொருளில்) ஓட்டுவதைப் பற்றி அல்ல. பழைய தோற்றத்தில், புதிதாக, கணினியில் ஆடுவதற்காக வந்தவற்றைப் பற்றி: 2004-இல் இலவசமாக வெளியான கேவ் ஸ்டோரி தொடங்கி, விவிவிவிவிவி, ஷவல் நைட், அண்டர்டேல், செலஸ்ட், டஸ்க், அனிமல் வெல், யுஎஃப்ஓ 50 வரை.

வாங்குமுன்: ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்

ட்ரெய்லர் ஓடும்போது எல்லாமே அழகாகத்தான் தெரியும். ஏதாவது ஒரு பொருள் சுழலும் இடத்தில் நிறுத்துங்கள்: எறிந்த கோடாரி, உருளும் பாறை, சாயும் கப்பல். அதன் கட்டங்கள் தரையின் கட்டங்களோடு ஒரே வரிசையில் நிற்கின்றனவா, அல்லது கோடாரியோடு சேர்ந்து கட்டங்களும் சாய்ந்து வைரம் வைரமாக நிற்கின்றனவா? அடுத்து, கதாநாயகனின் ஒரு பிக்சலையும் பின்னணி மரத்தின் ஒரு பிக்சலையும் ஒப்பிடுங்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால், பல இடங்களில் வரைந்து வாங்கிய படங்களை ஒரே திரையில் கொட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். படத்தில் இவ்வளவு அவசரம் காட்டியவர்கள் தாவுதலில் நிதானம் காட்டியிருப்பார்கள் என்று நான் நம்புவதில்லை.

இதற்கு விலக்கு உண்டு. செலஸ்டில் ஆட்டம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். உரையாடல் எழுத்தும் முகப்படங்களும் மட்டும் வழவழப்பாக, உயர்ந்த தெளிவில் இருக்கும். அது அலட்சியம் அல்ல, வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று தெரிந்தே செய்தது. விதியை எங்கே மீறினார்கள் என்பதைவிட, மீறும்போது தெரிந்து மீறினார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஷவல் நைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது பின்பற்றும் நிண்டெண்டோ என்இஎஸ் பெட்டியின் திரை 256×240 புள்ளிகள்தான். ஒரு கிடைக்கோட்டில் எட்டு ஸ்பிரைட்டுக்கு (திரையில் நகரும் சிறு படம்) மேல் அந்தப் பெட்டியால் காட்ட முடியாது. ஒன்பதாவது மறைந்துபோகும். ஒரே ஆள் நிரந்தரமாகக் காணாமல் போகக் கூடாது என்று அந்தக் காலத்து நிரலாளர்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) வெவ்வேறு ஆளை மறைத்தார்கள். கூட்டம் சேர்ந்தால் எதிரிகள் மினுங்கியதற்குக் காரணம் அதுதான். 2014-இல் வந்த ஷவல் நைட் அகலத்திரைக்காக 400×240 எடுத்துக்கொண்டது, மினுங்கலைத் தூக்கி எறிந்தது, பழைய பெட்டியில் இல்லாத சில நிறங்களைச் சேர்த்துக்கொண்டது. பழசில் எது சுவை, எது தொல்லை என்று யாரோ உட்கார்ந்து பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். நான் தேடுவது இந்தப் பிரிப்பைத்தான். அப்படியே நகலெடுப்பதற்குப் பழைய கேமே போதுமே.

இன்னொரு பக்கம் அனிமல் வெல். 320×180 புள்ளிகளில் வரைந்தது, மொத்தக் கோப்பே முப்பது சொச்சம் எம்பிதான். ஆனால் அதில் புகை நகர்வதும் விளக்கொளி விழுவதும் எந்தப் பழைய பெட்டியாலும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாதவை. டவுன்வெல் கறுப்பு, வெள்ளை, சிவப்போடு நின்றுகொண்டது. அங்கே சிவப்பைப் பார்த்தால் ஆபத்து அல்லது லாபம், வேறெதுவும் இல்லை. கிணற்றுக்குள் தலைதெறிக்க விழுந்துகொண்டிருக்கும்போது அந்த ஒற்றை நிறம் செய்கிற உதவியை ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால், வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தை முதல் பாஸை (இடையிடையே வரும் பெரிய எதிரியை) அடிப்பதில் தீர்த்துவிடாதீர்கள். கீழே சொல்லும் சோதனைகளுக்கு முதலில் கொஞ்சம் ஒதுக்குங்கள். ஒன்று கவனம்: செட்டிங்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரமும் ஆடிய நேரமாகவே கணக்காகும்.

ஓட்டுமுன்: திரை

"அண்ணா, இந்தத் தரை ஏன் நடக்க நடக்க நெளியுது?" என் தம்பி கேட்ட இந்தக் கேள்விதான் முக்காலே மூணுவீசம் பேரின் பிரச்சினை, பலருக்கு அது பிரச்சினை என்றே தெரியாது.

கணக்கு எளிது. கேம் 240 வரி உயரத்தில் வரையப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மானிட்டர் 1920×1080. 1080-ஐ 240-ஆல் வகுத்தால் நாலரை. மானிட்டரில் அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. ஆகவே கேமின் ஒரு வரி 4 புள்ளி உயரமாகவும் அடுத்த வரி 5 புள்ளி உயரமாகவும் மாறி மாறி வரும். படம் அசையாமல் நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாது. கேமரா நகர ஆரம்பித்ததும் தடித்த வரி இடம் மாறிக்கொண்டே போகும். செங்கல் சுவர் புழு மாதிரி நெளியும், கதாநாயகனின் கண் ஒரு கணம் பெருத்து ஒரு கணம் சிறுக்கும். சிலருக்கு இதில் தலைவலியே வரும்.

இதற்கு மருந்து முழு எண் மடங்கு. செட்டிங்ஸில் இன்டிஜர் ஸ்கேலிங் என்றோ பிக்சல் பெர்ஃபெக்ட் என்றோ போட்டிருக்கும். அதை ஆன் செய்தால் 240 வரி நாலு மடங்காகி 960 ஆகும். மேலே 60, கீழே 60 புள்ளி கறுப்பாக நிற்கும். கறுப்புப் பட்டையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் அது கண்ணில் இருந்து போய்விடும். நெளிவு ஐந்து மணி நேரமானாலும் போகாது.

180 வரி உயரத்தில் வரைந்த கேம்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. செலஸ்ட் 320×180, ஆறு மடங்கு பெருக்கினால் சரியாக 1920×1080. அனிமல் வெல்லும் அதே அளவு. புதிய பிக்சல் கேம்கள் பல இந்த அளவைப் பிடித்துக்கொண்டதற்கு இதுவே காரணம். மானிட்டர் 2560×1440 என்றால் உங்களுக்கு யோகம்: 180 எட்டு மடங்காகவும் 240 ஆறு மடங்காகவும் பிசகில்லாமல் உட்காரும். 3840×2160-இலும் இரண்டுமே பொருந்தும். என்னுடைய பழைய மடிக்கணினித் திரை 1366×768. அதில் எது ஓட்டினாலும் 720 வரை வந்து நிற்கும், மேலும் கீழும் 24 புள்ளி மிச்சம். அந்த மெல்லிய பட்டையோடு பல வருடம் குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒன்றும் ஆகாது.

கேமில் இந்த வசதியே இல்லை என்றால் இரண்டு வழி. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றின் கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர் செட்டிங்ஸிலும் 2019 முதல் இன்டிஜர் ஸ்கேலிங் வந்திருக்கிறது; பழைய கார்டுகளுக்கு அந்த வரி காட்டாது. இல்லையென்றால் ஃபுல்ஸ்கிரீனை விட்டுவிட்டு, மூன்று மடங்கு அல்லது நான்கு மடங்கு அளவில் ஜன்னலாகத் திறந்து ஆடுங்கள். பின்னால் டெஸ்க்டாப்பைக் கறுப்பாக்கிவிட்டால் வித்தியாசமே தெரியாது.

சரியாக அமைந்ததா என்று பார்க்க ஊகம் வேண்டாம். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து பெயின்ட்டில் திறந்து, பெரிதாக்கி, கதாநாயகனின் கண்ணைப் பாருங்கள். கண் பெரும்பாலும் ஒரே பிக்சல் அகலத்தில்தான் இருக்கும். அது எத்தனை புள்ளி, பக்கத்துப் பிக்சல் எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். எல்லாம் ஒரே எண் என்றால் வேலை முடிந்தது. ஓரங்களில் சாம்பல் பூசினாற்போல் இருந்தால் வேறு யாரோ நடுவில் புகுந்து படத்தை இழுக்கிறார்கள். விண்டோஸில் டிஸ்பிளே ஸ்கேல் 125 அல்லது 150 சதவீதமாக இருந்தால், பழைய எஞ்சினில் (கேம் செய்ய உதவும் அடிப்படை மென்பொருளில்) செய்த கேம்களில் இது நடக்கும். கேமின் கோப்பில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் வரை போய், ஓவர்ரைட் என்பதை டிக் செய்து அப்ளிகேஷன் என்று தேர்ந்தெடுங்கள். படம் பளிச்சென்று ஆகிவிடும்.

இன்னொரு சிறு விஷயம், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் (விநாடிக்கு 144 தடவை படம் காட்டுவது) வைத்திருப்பவர்களுக்கு. இந்த கேம்களில் பல விநாடிக்கு 60 ஃபிரேமில் ஓடுபவை. 144-ஐ 60-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் போகாது. ஒரு ஃபிரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று காட்டி, ஓட்டம் தட்டித் தடுமாறும். மானிட்டரை 120-க்கு இறக்கினால் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு தடவை வரும். பெரிய எண்ணுக்குக் காசு கொடுத்துவிட்டு இறக்குவது மனதுக்குக் கஷ்டம்தான்.

சிஆர்டி ஃபில்டர்: என் கட்சி

இதில் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, வரட்டும். புதிதாகச் செய்த பிக்சல் கேமில் சிஆர்டி, அதாவது பழைய குழாய் டிவி போலக் கோடு போடும் ஃபில்டரை நான் முதல் வேலையாக அணைத்துவிடுவேன்.

பழைய கேம்களுக்கு அது நியாயம். 1991-இல் வந்த சோனிக் கேமின் அருவியைப் பாருங்கள்: ஒரு நெடுவரி நிறம், ஒரு நெடுவரி வெறுமை என்று சீப்பு மாதிரி வரைந்திருப்பார்கள். அன்றைய டிவிக்கு காம்போசிட் வயரில் போன சிக்னல் அந்த வரிகளைக் கலந்துவிட, அருவி கண்ணாடி மாதிரித் தெரிந்தது. வரைந்தவர் டிவியையும் தன் தூரிகைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார். இன்று எல்சிடி திரையின் முன் உட்கார்ந்து, ஒவ்வொரு பிக்சலின் விளிம்பையும் பார்த்துப் பார்த்து வரைந்த ஓவியருக்கு அந்த டிவி எதற்கு? கோடு விழுந்தால் வெளிச்சம் குறையும், இருட்டுக் குகையில் இருக்கும் முள் கண்ணுக்குத் தெரியாது, செத்துப்போவீர்கள். அதுவுமில்லாமல் 1080 வரித் திரையில் பழைய வரி ஒன்றுக்கு நாலரைப் புள்ளிதான் கிடைக்கிறது. பழைய டிவியின் பாஸ்பர் (ஒளிரும் பூச்சு) இழைகளை அதற்குள் காட்டுவது ஆகாத காரியம். 2160 வரித் திரை இருந்தால் கொஞ்சம் கௌரவமாக வரும்.

திரை வளைவு, ஓரத்தில் நிறம் பிரிவது, பூச்சி பறப்பது போல இரைச்சல் ஆகியவற்றை யோசிக்காமல் அணையுங்கள். 2024-இல் வந்த பலாட்ரோ சீட்டாட்டத்தில் சிஆர்டிக்கென்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. அதை அடிமட்டத்துக்கு இழுத்துவிட்டால் சீட்டில் இருக்கும் சின்ன எழுத்தும் கண்ணை உறுத்தாது. விலக்கு என்றால் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். இரண்டே நிறத்தில் புள்ளி புள்ளியாக வரைந்த அந்தக் கப்பலில், எந்தப் பழைய மானிட்டரின் நிறத்தில் பார்க்கலாம் என்று தேர்வு கொடுத்திருக்கிறார்கள். அதில் நான் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், சும்மா ஆசைக்கு.

கை

கீபோர்டில் ஆடலாமா என்றால், ஆடலாம். ஆனால் முதலில் உங்கள் கீபோர்டைச் சோதியுங்கள். மலிவான கீபோர்டுகளில் பட்டன்கள் ஒரே கம்பி வலையைப் பங்கு போட்டுக்கொள்வதால், சில மூன்று பட்டன் சேர்க்கைகளில் மூன்றாவது பதிவே ஆகாது. வழக்கமான குற்றவாளி இடது அம்பு, மேல் அம்பு, ஸ்பேஸ். இடது பக்கம் ஓடிக்கொண்டே மேலே குறிவைத்துத் தாவ முயன்று பாருங்கள். பொம்மை தாவாமல் நின்றால் உங்கள் விரல்மேல் பழியில்லை.

இதனால்தானோ என்னவோ, இந்த வகை கேம்கள் ஸ்பேஸை விட்டுவிட்டுக் கீழ்வரிசை எழுத்துகளைப் பிடித்துக்கொண்டன. கேவ் ஸ்டோரியில் இசட் தாவ, எக்ஸ் சுட. அண்டர்டேலில் 'சரி' என்று சொல்ல இசட், 'வேண்டாம்' என்று சொல்ல எக்ஸ். செலஸ்டில் சி தாவ, எக்ஸ் பாய, இசட் பிடிக்க. ஒரு தடவை இந்த மூன்று எழுத்தில் விரல் பழகிவிட்டால் பாதி கேம்களுக்குக் கை தானாகப் போகும். அவரவர் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். நான் முதல் நாள் மாற்றமாட்டேன். செய்தவர் எந்த விரலை நினைத்து அமைத்தார் என்று பார்த்துவிட்டு மாற்றுவது நல்லது.

கன்ட்ரோலர் என்றால் தாவும் கேம்களுக்கு டி-பேட், அதாவது சிலுவைப் பட்டன். குச்சியை வைத்து ஆடினால் வலது என்று தள்ளியது வலது-மேல் என்று பதிவாகி, செலஸ்டில் நேராகப் பாய வேண்டிய கதாநாயகி சாய்வாகப் பாய்ந்து முள்ளில் போய்க் குத்திக்கொள்வாள். டி-பேடே மோசமாக இருக்கும் கன்ட்ரோலர்களும் உண்டு. வாங்கினால் கேமைத் திறப்பதற்கு முன் வலதை அழுத்திக்கொண்டே கட்டைவிரலை மெல்ல உருட்டிப் பாருங்கள். கொஞ்சம் உருட்டியதற்கே மேல் திசையும் சேர்ந்து பதிவானால் அது கார் பந்தயத்துக்கு ஆகும், இதற்கு ஆகாது.

தாமதம் இன்னொரு தொல்லை. 60 ஃபிரேம் ஆட்டத்தில் ஒரு ஃபிரேம் என்பது 16.7 மில்லிவிநாடி. வி-சிங்க் (படத்தை மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போக வைப்பது), டிவியின் படமெருகு, ப்ளூடூத் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் நாலைந்து ஃபிரேம் போய்விடும். டிவியில் இணைத்திருந்தால் கேம் மோடை ஆன் செய்யுங்கள். கன்ட்ரோலருக்கு வயர் இருந்தால் வயரைக் குத்துங்கள். வி-சிங்கை அணைத்தால் படம் குறுக்கே கிழியும். மாறும் வேகத்தில் ஓடும் மானிட்டர் இருந்தால் கிழிசலும் இல்லை, தாமதமும் குறைவு. இல்லையென்றால் இரண்டில் எது உங்களை அதிகம் எரிச்சலூட்டுகிறது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்குக் கிழிசல் பரவாயில்லை. இசைக்கேற்ப அடியெடுத்து வைக்கும் கிரிப்ட் ஆஃப் தி நெக்ரோடான்சர் போன்றவற்றுக்கு ப்ளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது. காதில் தாளம் விழும்போது கேமில் அது எப்போதோ கடந்து போயிருக்கும்.

முதல் பத்து நிமிடம்: தாவிப் பாருங்கள்

இனிமேல்தான் கேமின் முறை. எதிரி இல்லாத இடத்தில், ஒரு திட்டின் விளிம்பில் நில்லுங்கள்.

தாவும் பட்டனைத் தட்டிவிட்டு உடனே விடுங்கள். அடுத்து அழுத்திப் பிடியுங்கள். இரண்டுக்கும் உயரம் வேறுபட வேண்டும். வேறுபடாவிட்டால், அதை ஈடுகட்டும்படி லெவல்கள் அமைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் இருக்காது.

அடுத்து விளிம்பை நோக்கி ஓடி, கால் வெளியே போன பிறகு, ஒரு இமைப்பொழுது தாமதமாகத் தாவுங்கள். நல்ல கேம் தாவ விடும். செலஸ்டில் காலடியில் தரை இல்லாமல் போன பிறகும் ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி வரை தாவ முடியும். திரையில் மெதுவாக்கிப் பார்த்தால் அவள் காற்றில் நின்று தாவுவது தெரியும். வேகத்தில் ஆடும்போது "சரியான நேரத்தில் அழுத்தினேன்" என்றுதான் உங்களுக்குத் தோன்றும். அதேபோல் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பட்டனை அழுத்திப் பாருங்கள். தரையைத் தொட்ட கணமே பொம்மை மறுபடி எழும்பினால், அந்த அழுத்தலை கேம் ஞாபகம் வைத்திருந்தது என்று பொருள். இந்த இரண்டு சலுகையும் என்இஎஸ் காலத்து கேம்கள் பலவற்றில் கிடையாது. பழைய பாணி என்ற பெயரில் இவற்றையும் கழற்றிவிட்டவர்களை நான் மன்னிப்பதாக இல்லை. பிக்சல் பழசாக இருக்கட்டும், பட்டன் பழசாக இருக்கக் கூடாது.

விவிவிவிவிவியில் தாவலே கிடையாது என்பதைச் சொல்லாவிட்டால் அதன் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். அங்கே புவியீர்ப்பைத் தலைகீழாகத் திருப்புவதுதான் ஒரே வித்தை. ஒரே ஒரு பட்டன், ஆனால் அழுத்திய கணம் ஆள் கூரைக்குப் போய்க்கொண்டிருப்பான்.

திட்டுமுன்: கஷ்டம் எந்த வகை?

பழைய கேம்கள் கஷ்டமாக இருந்ததற்குப் பின்னால் வியாபாரம் இருந்தது. ஆர்கேடில் (நாணயம் போட்டு ஆடும் கூடத்தில்) நீங்கள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த நாணயம் விழும். வீட்டுக்கு வந்த கேம்களோ உண்மையில் குட்டியானவை. ஒரே மூச்சில் முடித்துவிடாதபடி கஷ்டத்தைப் போட்டு நீட்டினார்கள். இன்று நாணயம் போடும் துளை இல்லை, இடப்பற்றாக்குறையும் இல்லை. ஆகவே மூன்று உயிர், தீர்ந்தால் முதலில் இருந்து என்று ஒரு புதிய கேம் சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். ஸ்பெலங்கியில் காரணம் இருக்கிறது: ஒவ்வொரு முறையும் குகை புதிதாக உருவாகும், நீங்கள் சேர்த்துவைப்பது அறிவு மட்டும்தான். சுவரில் அம்பு எய்யும் முகம் தெரிந்தால் அதன் முன்னால் ஒரு கல்லையோ பானையையோ எறிந்து அம்பை வீணடித்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு தடவை புரிந்துவிட்டால் அது எல்லாக் குகைக்கும் உதவும்.

என் அளவுகோல், செத்ததில் இருந்து கை மறுபடி பொம்மையின்மேல் வரும் வரை எவ்வளவு நேரம் என்பது. சூப்பர் மீட் பாயில் ரத்தம் காய்வதற்குள் மறுபடி நிற்கிறீர்கள். முடித்தபின் உங்கள் சாவுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடுவதைக் காட்டிச் சிரிக்க வைக்கிறார்கள். இதற்கு எதிர்க்கோடியில் ஒரு கேம் ஆடினேன், பெயர் வேண்டாம். பாஸிடம் சாகும்போதெல்லாம் அவன் வசனத்தை முதலில் இருந்து கேட்க வேண்டும், தாண்ட பட்டனே இல்லை. அந்த வசனம் இன்னும் எனக்கு மனப்பாடம். ஆனால் அவனை நான் கொல்லவில்லை, கேமை அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன்.

ஷவல் நைட் இதில் ஒரு அழகான பேரம் பேசுகிறது. உயிர் எண்ணிக்கை கிடையாது; செத்தால் பணத்தில் ஒரு பங்கு அந்த இடத்தில் பைகளாக மிதக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம். செக்பாயின்ட் (செத்தால் மறுபடி தொடங்கும் இடம்) விளக்கை உடைத்தால் பணம் கிடைக்கும், ஆனால் அந்தச் செக்பாயின்ட் போய்விடும். கஷ்டம் எவ்வளவு வேண்டும் என்பதைப் பேராசையிடமே விட்டுவிட்டார்கள்.

எளிதாக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள், கூச்சமே வேண்டாம். செலஸ்டின் அசிஸ்ட் மோடில் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம். நான் பரிந்துரைப்பது: மாட்டிக்கொண்ட அறையில் மட்டும் 80 அல்லது 70 சதவீதத்துக்கு இறக்குங்கள், விரலுக்கு வரிசை பிடிபட்டதும் மறுபடி 100-க்கு ஏற்றுங்கள். சாகாவரம் கொடுக்கும் தேர்வும் அங்கே உண்டு. அதை ஆன் செய்தால் கேம் வெறும் நடைப்பயணமாகிவிடும் என்பது என் எண்ணம், கதைக்காக மட்டும் வருகிறவர்களுக்கு அது போதும் என்றால் போதும்.

முப்பரிமாணத் துப்பாக்கி ரகம்

டஸ்க், அயன் ஃப்யூரி, அல்ட்ராகில் வகையறாவுக்கு மேலே சொன்ன பிக்சல் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அயன் ஃப்யூரி 2019-இல் வந்தாலும், 1996-இன் டியூக் நியூகெம் ஓடிய அதே பில்ட் எஞ்சினில் செய்தது. படிக்கட்டும் சுவரும் நடந்துகொள்ளும் விதத்திலேயே அந்த ஊர்க்காரன் என்று தெரிந்துவிடும். இங்கே செய்ய வேண்டியது சில்லறை வேலைதான்: பார்வைக் கோணத்தை 90-க்கு மேல் ஏற்றுங்கள், நடக்கும்போது தலை ஆடுவதை அணையுங்கள், மவுஸ் ஆக்சலரேஷன் (கை வேகமாக நகர்ந்தால் குறி கூடுதலாக ஓடுவது) இருந்தால் அணையுங்கள். முதல் பிளேஸ்டேஷன் பாணியில் சுவர்கள் துடிப்பது சிலருக்கு வாந்தியையே வரவழைக்கும். அந்தப் பெட்டி உருவங்களின் முனைகளை முழுப் புள்ளிகளுக்கு நகர்த்தித்தான் வைத்தது, அதனால் வந்த துடிப்பு அது. அல்ட்ராகில் போன்றவற்றில் அதைச் செட்டிங்ஸிலேயே குறைத்துவிடலாம். பிறகு நிற்காமல் ஓடுங்கள். மறைந்து நின்று சுடுகிறவர்களுக்கு இந்த ரகத்தில் இடமில்லை.

சேவ் கோப்பு

ஆடிய தூரத்தைச் சேமிக்கும் சேவ் கோப்புக்குக் கிளவுடை (இணையத்தில் இருக்கும் நகலை) நம்பி இருக்காதீர்கள். கடையை விட்டு வெளியே இலவசமாக இறக்கிய கேம்களுக்குக் கிளவுடே கிடையாது. ஸ்டார்டியூ வேலியின் சேவ், விண்டோஸில் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவின் ரோமிங் ஃபோல்டருக்குள் கேமின் பெயரிலேயே இருக்கும். அண்டர்டேல் அதே ஆப்டேட்டாவின் லோக்கலில். விண்டோஸை மாற்றிப் போடுமுன் அந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வையுங்கள். அண்டர்டேலில் மட்டும், பழைய சேவை எடுத்துப்போட்டுச் செய்த பாவத்தை அழித்துவிடலாம் என்று போகாதீர்கள். அந்த கேமுக்கு ஞாபகசக்தி அதிகம், இதற்குமேல் சொன்னால் கெட்டுவிடும்.

எங்கே தொடங்குவது

காசு செலவழிக்காமல் பார்க்க வேண்டுமா? கேவ் ஸ்டோரியின் 2004 பதிப்பும், 2008-இல் வந்த முதல் ஸ்பெலங்கியும் இன்றும் இலவசம். செலஸ்டின் முதல் வடிவம் 2015-இல் நான்கு நாளில் செய்தது. பிக்கோ-8 என்ற 128×128 திரையும் 16 நிறமும் கொண்ட கற்பனைக் கன்சோலுக்கானது. அது பிரவுசரிலேயே ஓடும். அதை ஒரு முறை முடித்துவிட்டு 2018-இன் பெரிய செலஸ்டுக்குப் போனால், அந்தச் சிறிய விதையில் எதெல்லாம் ஏற்கெனவே இருந்தது என்று பார்க்கலாம்.

காசு கொடுத்து ஒன்றே ஒன்று என்றால், கை பழகாதவர்களுக்கு ஷவல் நைட், பழகியவர்களுக்கு அனிமல் வெல். யுஎஃப்ஓ 50-ஐக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இல்லாத ஒரு எண்பதுகளின் கன்சோலுக்கு, 32 நிறங்களை மட்டும் வைத்து, ஐம்பது கேம்களைச் செய்து 2024-இல் ஒரே பெட்டியில் கொடுத்தார்கள். வரிசையில் முதலில் இருக்கும் பார்புட்டாவைத் திறந்தால் ஆள் ஆமை வேகத்தில் நடப்பான், இசை கிடையாது, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். பலர் அங்கேயே மூடிவிடுகிறார்கள். அதை விட்டுவிட்டு நேராக பார்ட்டி ஹவுஸைத் திறங்கள். வீட்டுக்கு யார் யாரைக் கூப்பிடுவது, போலீஸ் வருமுன் எப்போது கதவைச் சாத்துவது என்பதுதான் அதில் ஆட்டம். பிடித்துப்போனால் மற்ற 49-இல் எது வேண்டும் என்று நீங்களே தேடுவீர்கள். பார்புட்டாவுக்கு ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் உட்காருங்கள், வரைபடத்தை நீங்களேதான் வரைய வேண்டியிருக்கும்.